கணிப்பொறிப் பெட்டியும் காற்றோட்டமும்

புனே நகரைச் சார்ந்த கோந்த்வாவில் கோடைப் பகலின் உஷ்ணநிலை 40 டிகிரி சென்டிகிரேடை நெருங்குவதுண்டு. கணிப்பொறி ஏற்கும் மின்சாரம் அநேகமாக முழுவதும் உஷ்ணமாகவே மாறுகிறது. விசிறிகள் அதனை வெளியேற்றுமேயன்றி, பெட்டியின் உட்புறத்தை அறையைவிடக் குளிர்ச்சியாக்க இயலாது. உஷ்ணம் மிகுந்தால் செயலியின் வேகம் குறையும். மேலும் மிகுந்தால் பொறி நின்றுவிடும். சேமிக்கப்படாத வேலை பாழாகும்.

புனேயின் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சிக் கழகத்தில் 2019-ல் நிறுவப்பட்ட ‘பரம் பிரம்மா’ மீக்கணிப்பொறிக்குத் திரவக் குளிர்விப்பு அமைக்கப்பட்டது. பள்ளிக் கணிப்பொறிக்குச் சீரான காற்றோட்டமே போதும்.

ஆதலின், பெட்டி வாங்குகையில் முகப்பு சல்லடைத் தகடாக உள்ளதா எனக் கவனித்தல் வேண்டும். அடைபட்ட கண்ணாடி முகப்பு காற்றைத் தடுக்கும். முன்விசிறி வெளிக்காற்றை உள்ளிழுக்கவும், பின்விசிறியும் மேல்விசிறியும் சூடான காற்றை வெளியேற்றவும் வேண்டும். தூசி வடிகட்டி எளிதில் கழற்றக்கூடியதாயிருத்தல் நலம். அடைத்த வடிகட்டி மூடிய கதவுக்கு ஒப்பாகும். சுவரை ஒட்டிப் பெட்டியை வைத்தலாகாது.