வன்பொருள் கண்காணிப்புச் சில்லு ஆவணங்களைச் செம்மைப்படுத்தல்: மொழிபெயர்ப்பு நோக்கில் சில சிக்கல்கள்

0. முன்னுரை

கணினியின் உள்ளே வெப்பநிலை, மின்னழுத்தம், விசிறியின் சுழற்சி வேகம் முதலியவற்றை அளந்து கூறும் சில்லுகள் வன்பொருள் கண்காணிப்புச் சில்லுகள் எனப்படும். அவை தரும் அளவை இயக்க அமைப்பிடம் சேர்க்கும் நிரல் இயக்கி எனப்படும். லினக்ஸ் கெர்னலில் இவ்வகை இயக்கிகளுக்கென விளக்க ஆவணங்கள் தொகுத்து வைக்கப்பட்டுள்ளன. இயக்கி எந்தெந்தச் சில்லுகளுக்கு உரியது, எந்தக் கோப்பில் எந்த அளவு கிடைக்கும், எந்த வரம்பை மாற்றலாம் என்பன அவற்றில் கூறப்படும். பல ஆண்டுகளில், பலரால், பல நடைகளில் எழுதப்பட்ட இவ்வாவணங்களைச் செம்மைப்படுத்தும் பணி தொடர்ந்து நடைபெற்று வருகிறது. அப்பணியை மொழியியல் நோக்கிலும் மொழிபெயர்ப்பு நோக்கிலும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாய்வுக்குரிய சூழல்களுள் ஒன்றாகத் திருவனந்தபுரம் மாவட்டத்தில், பொன்முடி மலையடிவாரத்தில் அமைந்துள்ள வித்துராவைக் கொள்ளலாம். 2008இல் திருவனந்தபுரத்தில் தொடங்கப்பெற்ற இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தின் வளாகம் இங்குள்ளது. அங்குப் 'பத்மநாப' என்னும் பெயரில் உயர்திறன் கணிப்புத் தொகுதி ஒன்று ஆய்வுப் பணிகளுக்கு அமைந்தது. இத்தகைய தொகுதிகள் பெரும்பாலும் லினக்ஸில் இயங்குவன. இடையறாது வெப்பத்தைக் கண்காணித்தே அவற்றை இயக்க இயலும். கேரளத்தில் பள்ளிக் கணினிக் கல்வியும் கட்டற்ற மென்பொருளைச் சார்ந்தே நடைபெறுகிறது. இடுக்கி, பாலக்காடு முதலிய மாவட்டங்களில் தமிழ்வழிப் பள்ளிகளும் உள்ளன. ஆகவே, இவ்வாவணங்களின் பொருள் தமிழில் எவ்வாறு வெளிப்படும் என்பது ஏட்டளவில் நின்றுவிடும் வினா அன்று.

1. வடிவச் செம்மையும் பொருட் செம்மையும்

செம்மைப்படுத்தல் இருவகைப்படும். முதலாவது வடிவச் செம்மை. 2019ஆம் ஆண்டில் கெர்னலின் வன்பொருள் கண்காணிப்பு ஆவணங்கள் அனைத்தும் வெற்றுரை வடிவிலிருந்து ரீஸ்ட்ரக்சர்ட்டெக்ஸ்ட் என்னும் குறியீட்டு வடிவுக்கு மாற்றப்பட்டன. வெற்றுரையில் பட்டியலையும் அட்டவணையையும் உணர்த்தியது வெற்றிடமே. எழுதியவர் விட்ட இடைவெளியைக் கண்ட வாசகர், இது தலைப்பு, இது அதன் உட்பிரிவு எனத் தாமே உய்த்துணர்ந்தார். புதிய வடிவில் அவ்வுறவுகள் வெளிப்படையாகக் குறிக்கப்பட வேண்டியவை ஆயின.

புள்ளியும் சொற்பிரிப்பும் இல்லாத ஓலைச் சுவடியை அச்சேற்றிய பதிப்பாசிரியரின் பணி இதனோடு ஒப்பிடத்தக்கது. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் போன்றோர் ஏட்டில் உள்ளதை மாற்றாமலேயே, அதன் அமைப்பை வாசகர் கண்ணுக்குப் புலப்படுத்தினர். ஆனால் எங்கே பிரிப்பது என்பதைப் பொருள் அறியாமல் முடிவு செய்ய இயலாது. வடிவச் செம்மை செய்பவர் விரைவில் பொருட் செம்மைக்கு வந்து சேர்வது இக்காரணம் பற்றியே.

2. பொருட் செம்மை: நான்கு சான்றுகள்

2.1. அலகு

லினக்ஸின் பொது விதிப்படி வெப்பநிலைக் கோப்புகளில் உள்ள எண், செல்சியஸ் டிகிரியின் ஆயிரத்தில் ஒரு பங்கை அலகாகக் கொண்டது. 45 டிகிரி என்பது 45000 எனப் பதிவாகும். மின்னழுத்தம் மில்லிவோல்ட்டிலும், மின்னோட்டம் மில்லிஆம்பியரிலும், மின்திறன் மைக்ரோவாட்டிலும், விசிறி வேகம் நிமிடத்துக்கு இத்தனை சுற்று என்றும் அமையும். ஆனால் எல்எம்75 என்னும் பரவலான வெப்பநிலைச் சில்லின் ஆவணம், வெப்பநிலைகள் யாவும் செல்சியஸ் டிகிரியில் உள்ளன எனக் கூறுகிறது. சில்லைப் பொறுத்தவரை இக்கூற்றில் தவறில்லை. கோப்பைத் திறந்து பார்ப்பவருக்கோ இது பொருந்தாது. வரம்பை 80 டிகிரியாக அமைக்க விரும்பி 80 என்று மட்டும் எழுதுபவர், உண்மையில் 0.08 டிகிரியைக் குறிப்பிடுகிறார். அரை டிகிரிப் படிகளில் மட்டுமே எண்ணும் அச்சில்லில் அது சுழியாகிவிடும். எச்சரிக்கை ஓயாது ஒலிக்கும். 'வெப்பநிலை' என்னும் ஒரே சொல் சில்லின் அளவையும் கோப்பின் எண்ணையும் ஒருங்கே சுட்டியதே இங்குக் குறைபாடு.

2.2. துல்லியம்

அதே ஆவணம், அளவுகளை அரை டிகிரித் துல்லியத்தில் படிக்கலாம் என்னும் கருத்தைத் தருகிறது. அரை டிகிரி என்பது சில்லு வேறுபடுத்திக் காட்டக்கூடிய மிகச் சிறிய படியே. உண்மை வெப்பநிலைக்கும் காட்டப்படும் அளவுக்கும் இடையிலான பிழை அதனினும் பெரிது. எல்எம்75இல் –25 முதல் 100 டிகிரி வரை அப்பிழை 2 டிகிரி வரை இருக்கலாம் எனத் தயாரிப்பாளரின் தரவுத்தாள் கூறும். பேச்சு வழக்கில் 'துல்லியம்' என்னும் தமிழ்ச் சொல் இவ்விரண்டையும் குறிப்பதால், மூலத்தின் குழப்பம் மொழிபெயர்ப்பில் தடையின்றி நுழைந்துவிடும். 'அரை டிகிரிப் படிகளில் படிக்கலாம்' என எழுதின் குழப்பம் நீங்கும்.

2.3. தயக்கம்

இவ்வாவணங்களில் மிகுதியும் இடர்ப்பாடு தருவது தயக்கம் பற்றிய பகுதியாகும். காந்தவியல் வழியாகப் பாடநூல்களில் நிலைபெற்ற இச்சொல், ஏறும்போது ஒரு நிலையிலும் இறங்கும்போது வேறொரு நிலையிலும் மாற்றம் நிகழும் தன்மையைக் குறிக்கும். எல்எம்75இல் தொடக்க அமைப்பாக எச்சரிக்கை 80 டிகிரியில் எழும்; 75 டிகிரிக்குக் கீழ் இறங்கிய பின்னரே அடங்கும். வெப்பநிலை வரம்பை ஒட்டி ஊசலாடும்போது விசிறி நின்று நின்று ஓடாமலிருக்க இந்த ஏற்பாடு தேவைப்படுகிறது.

இங்கு எழும் வினா, தயக்க மதிப்பு என்பது 75ஆ, 5ஆ என்பதே. எல்எம்75இன் பதிவகத்தில் இருப்பது 75 என்னும் வெப்பநிலை. எல்எம்90 என்னும் வேறொரு சில்லின் உச்ச வரம்புக்குரிய பதிவகத்தில் இருப்பது 10 என்னும் இடைவெளி. இவ்வேறுபாடு பயனரைக் குழப்பாதிருக்கவே, கோப்பில் வெப்பநிலையையே தர வேண்டும், இடைவெளியைத் தருதல் கூடாது எனப் பொது விதி வரையறுக்கிறது. எல்எம்90இன் இயக்கி அவ்விடைவெளியை வரம்பிலிருந்து கழித்துத் தருவது இதனாலேயே.

ஆவணத்தில் 'தயக்கம்' என்று மட்டும் இருந்து, அதை இடைவெளி எனக் கொண்ட ஒருவர் 5 டிகிரியைக் கருதி 5000 என எழுதுவதாகக் கொள்வோம். ஒருமுறை எழுந்த எச்சரிக்கை, சில்லின் வெப்பநிலை 5 டிகிரிக்குக் கீழ் இறங்கும் வரை அடங்காது. வித்துராவின் தட்பவெப்பத்தில் இயங்கும் கணினி அந்நிலையை ஒருபோதும் எட்டப் போவதில்லை. எச்சரிக்கை எப்போதும் இருந்துகொண்டிருந்தால் அதனைப் பொருட்படுத்தாமல் விடுவதே பணியாளரின் பழக்கமாகும். பின்னர் உண்மையான வெப்ப உயர்வு நேரும்போது அதை அறிவிக்கத் தனிக் குறி இராது.

தமிழின் தொகைச்சொல் அமைப்பு இங்குக் கைகொடுக்கிறது. 'தயக்க வெப்பநிலை', 'தயக்க இடைவெளி' என இரு தொகைகளை ஆக்கின், எது கோப்பில் உள்ளது என்பதில் ஐயம் எழாது. மூலத்தில் ஒரே சொல் இருப்பினும் மொழிபெயர்ப்பில் இரண்டாகப் பிரிப்பதே இங்கு மூலத்துக்கு உண்மையானதாகும்.

2.4. எச்சரிக்கை: வினைமுதலும் வரம்பும்

'எச்சரிக்கை விடுக்கப்படும்' என்னும் செயப்பாட்டு வாக்கியத்தில் வினைமுதல் இல்லை. விடுப்பது சில்லா, இயக்கியா? பொது விதி இதனைத் தெளிவாகக் கூறுகிறது: எச்சரிக்கை என்பது சில்லிலிருந்து நேரே படிக்கப்படுவது, இயக்கி அளவையும் வரம்பையும் ஒப்பிடுவதில்லை. இதனால், இருமுறை படிப்பதற்கு இடையே நிகழ்ந்து மறைந்த வரம்பு மீறலும் பதிவாக இடமுண்டு. ஆகவே இப்போது படிக்கும் வெப்பநிலை இயல்பாக இருக்க, எச்சரிக்கையும் உடன் இருப்பது முரண்பாடு ஆகாது. 'சில்லு எச்சரிக்கை எழுப்பும். இயக்கி அதைப் படித்துத் தெரிவிக்கும்' எனச் செய்வினையில் எழுதின் இவ்வளவும் விளங்கும். அறிவியல் நடைக்குச் செயப்பாட்டு வினையே உரியது என்னும் கருத்து இத்தகைய இடங்களில் பொருந்தாது.

வரம்பை எட்டினாலே எச்சரிக்கை எழுமா, தாண்டினால்தான் எழுமா என்பது சில்லுக்குச் சில்லு வேறுபடும். தமிழில் 'எட்டுதல்', 'தாண்டுதல்' என்னும் வினைகளும், '80 முதல்', '80க்கு மேல்' என்னும் தொடர்களும் இவ்வேறுபாட்டைத் திட்பமாகக் காட்ட வல்லன. 'அதிகமானால்' என்று பொதுவாக மொழிபெயர்க்கும் வழக்கம் அதனை மறைத்துவிடுகிறது. இவ்வாறே, உணரி இணைப்பு அறுந்தமையைக் காட்டும் 'பழுது' என்னும் குறியை எச்சரிக்கையோடு மயங்கவிடுதல் கூடாது. முன்னது அளவை நம்பாதே என்கிறது. பின்னது அளவை நம்பிச் செயல்படு என்கிறது.

3. சொல்மாற்றமும் அதன் விளைவும்

இச்சில்லுகளுள் பல, பிலிப்ஸ் நிறுவனம் 1982இல் உருவாக்கிய ஐ2சி என்னும் இணைப்பு முறையில் இயங்குவன. அதில் கட்டளையிடும் உறுப்பும் ஏற்கும் உறுப்பும் நெடுங்காலமாக ஆண்டான், அடிமை என்னும் பொருளுள்ள ஆங்கிலச் சொற்களால் குறிக்கப்பட்டன. 2021இல் அம்முறையின் வரையறை நூல் அவற்றைக் கைவிட்டு, கட்டுப்படுத்தி, இலக்கு என்னும் பொருளுள்ள சொற்களை ஏற்றது. லினக்ஸ் ஆவணங்களிலும் 2024இல் இம்மாற்றம் மேற்கொள்ளப்பட்டது.

மாற்றம் வரவேற்கத்தக்கதே. எனினும் 'இலக்கு' என்னும் சொல் இவ்வாவணங்களில் முன்னரே வேறொரு பணியில் இருந்தது. விசிறி எட்ட வேண்டிய வேகமும் அச்சொல்லாலேயே குறிக்கப்பட்டு வந்தது. தமிழில் 'இலக்குச் சாதனம்', 'இலக்கு வேகம்' எனத் தொகையாக்கினாலன்றி இரண்டும் மயங்கும். ஒரு கலைச்சொல்லைத் தேர்வதற்கு முன், அதே நூலில் அச்சொல் வேறு எங்கு வழங்குகிறது என்று நோக்க வேண்டும் என்பதற்கு இது தக்க சான்று.

நேர்மொழிபெயர்ப்பால் வந்த வேறொரு வழக்கும் இங்குக் கருதத்தக்கது. இயக்கி ஒரு சில்லை 'ஆதரிக்கிறது' என எழுதுவது பரவலாகி வருகிறது. ஆதரித்தல் தமிழில் உயர்திணைக்குரிய செயல். 'இவ்வியக்கி கையாளும் சில்லுகள்' என்பது எளிமையும் பொருட்பொருத்தமும் உடையது.

4. முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

1. ஆவணச் செம்மை வடிவத்தோடு முடிவதன்று; அலகு, வினைமுதல், வரம்பு ஆகியவற்றை வெளிப்படையாக்குவதே அதன் உயிர்நிலை.

2. ஆங்கில மூலத்தில் தொக்கு நிற்கும் பொருளைத் தமிழ்த் தொகைச்சொற்களும் வினைகளும் விரித்துக் காட்ட இயலும். எங்கு விரிக்க இயலாது மொழிபெயர்ப்பாளர் தயங்குகிறாரோ, அங்கு மூலமே திருத்தம் வேண்டி நிற்கிறது எனலாம்.

3. ஆகவே மொழிபெயர்ப்பாளரின் ஐயங்களைத் தொகுத்து மூல ஆவணத்தைப் பேணுவோருக்கு அனுப்புதல் செம்மைப் பணியின் ஒரு கூறாகக் கொள்ளப்பட வேண்டும். லினக்ஸ் ஆவணங்களில் எவரும் திருத்தம் முன்வைக்கலாம் என்பதால் இதற்குத் தடையில்லை.

4. ஐயம் எழும் இடத்தில் சில்லின் தரவுத்தாள், பொது விதி, இயக்கியின் நிரல் ஆகிய மூன்றையும் ஒப்புநோக்கிய பின்னரே தமிழ் வாக்கியத்தை அமைத்தல் வேண்டும். மூன்றும் ஒத்துவராத இடம் எதுவாயினும், அதை நடையழகால் மூடிவிடுதல் கூடாது.