வேலியோரத்து அரளி

கம்பம் பள்ளத்தாக்கில் ஆனி, ஆடி மாதங்களில் வீசும் காற்றை அறியாதார் இலர். மேற்கு மலையின் கணவாய்களில் நுழைந்து இறங்கிவரும் அக்காற்று, குலை தள்ளிய வாழையைச் சாய்த்துவிடும்; முற்றத்து ரோஜாவின் மொட்டுகளை உதிர்த்துவிடும். அந்தக் காற்றையும், அதற்கு முன் வரும் சித்திரை வெயிலையும் ஒருசேரத் தாங்கி, ஆண்டு முழுவதும் இலை பசுமை மாறாமல் நிற்கும் அழகுச் செடி ஒன்று உண்டெனில், அது அரளியே. வீட்டு முற்றம், ஆலய வளாகம், பள்ளி வேலி, கல்லறைத் தோட்டம் என எங்கும் அதைக் காணலாம். நட்டவர் மறந்துபோனாலும் அது பூக்க மறப்பதில்லை.

அரளி நமக்குப் புதிய செடி அன்று. சங்கப் பாடல்களில் வரும் பூக்களில் 'கணவிரம்' என்பதும் ஒன்று. அது செவ்வரளியே என்று உரைகாரர் கூறுவர். வடமொழியில் இதற்குக் 'கரவீரம்' என்று பெயர். கொலைத் தண்டனைக்கு அழைத்துச் செல்லப்படுவோர் கழுத்தில் இம்மலர் மாலையை அணிவிக்கும் வழக்கத்தைச் சூத்திரகரின் 'மிருச்சகடிகம்' என்னும் நாடகத்தில் காண்கிறோம். இலங்கைத் தமிழர் இதனை 'அலரி' என்பர். பெயர்கள் ஊர்மாறிப் பொருள்மாறுவதும் உண்டு: சிங்களத்தில் 'அரலிய' என்றால் அது நம் அரளி அன்று, வேறொரு பூமரம்.

இச்செடியின் தாயகம் மத்தியதரைக்கடல் ஓரம் தொடங்கி ஆசியாவின் உட்பகுதிவரை பரந்தது. கோடையில் வறண்டுவிடும் ஆற்றுப் படுகைகளே அதன் இயற்கையான இருப்பிடம். யோர்தான் பள்ளத்தாக்கின் ஓடைக் கரைகளிலும் அது தழைத்து நிற்கிறது. சீராக்கின் ஞான நூல் 24-ஆம் அதிகாரத்தில் குறிப்பிடப்படும் எரிக்கோவின் ரோஜாச் செடி உண்மையில் அரளியாகவே இருக்கக்கூடும் என்று மறைநூல் தாவரங்களை ஆராய்ந்த சிலர் கருதுகின்றனர். இத்தாலியின் சில பகுதிகளில் இதற்குப் 'புனித சூசையப்பரின் கோல்' என்றே பெயர். அவர் கையிலிருந்த கோல் பூத்தது என்னும் பழங்கதையிலிருந்து வந்த பெயர் அது. ஜப்பானின் ஹிரோஷிமா நகரம் அரளியைத் தன் நகர மலராகக் கொண்டுள்ளது. 1945-ல் அணுகுண்டு வீழ்ந்தபின் அந்தக் கருகிய மண்ணில் முதலில் பூத்தவற்றுள் இதுவும் ஒன்று என்பது அந்நகர மக்களின் நினைவு.

இத்தனை உறுதி எங்கிருந்து வந்தது? ஓர் இலையைப் பறித்துப் பாருங்கள். கணுவுக்கு மூன்றாக அமைந்த இலைகள் தோல்போல் தடித்து, மேற்புறம் மெழுகுபூசியதுபோல் இருக்கும். இலையின் அடிப்புறத்தில் நுண்ணிய குழிகள் உள்ளன. இலை மூச்சுவிடும் துளைகள் அக்குழிகளுக்குள் ஒளிந்திருக்கின்றன. குழியின் வாயை மெல்லிய மயிர்கள் மறைக்கின்றன. எனவே வெயிலும் காற்றும் இலையின் நீரை எளிதில் கவர முடிவதில்லை.

வளர்ப்பதற்கு விதையைத் தேடி அலைய வேண்டியதில்லை. பென்சில் பருமனுள்ள, பாதி முற்றிய கிளையை ஒரு சாண் நீளம் வெட்டி, அடி இலைகளை நீக்கிவிட்டு, ஈர மணலும் மட்கிய எருவும் கலந்த மண்ணில் சற்றே சாய்வாக ஊன்றுக. நிழலில் வைத்து ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் சில வாரங்களில் வேர்விடும். நீர் நிரப்பிய புட்டியில் நிறுத்திவைத்தாலும் வேர்விடும். ஆனால் அந்நீரிலும் நஞ்சு இறங்குமாதலால் குழந்தைகள் நடமாடும் வீட்டில் அம்முறை வேண்டாம். நம் பள்ளத்தாக்கில் ஐப்பசி மழைக்குச் சற்று முன் நிலத்தில் நட்டால் மழையே பாதி வேலையைச் செய்துவிடும். முழு வெயில் கட்டாயம் தேவை. நிழலில் நட்டுவிட்டுப் பூக்கவில்லையே என்று உரத்தை மேன்மேலும் கொட்டுவோர் பலர். அதனால் இலைதான் பெருகும். வேர் பிடித்தபின் வாரத்துக்கு ஒருமுறை நீர் போதும். அடியில் நீர் தேங்கினால் இலை மஞ்சளித்து உதிரும்.

பூ புதுத் தளிரின் நுனியில் தோன்றுவது. ஆகவே ஒரு பூப்பருவம் முடிந்ததும் கிளைகளை மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிட வேண்டும். வெட்டிய இடத்தில் இரண்டு மூன்று தளிர்கள் எழும், அத்தனையும் பூக்கும். வெட்டாத அரளி நெட்டையாகி, அடியில் மொட்டையாக நிற்கும். வெட்டும்போது கையுறையோ தடித்த துணியோ அணிக. வடியும் பால் தோலில் பட்டால் அரிக்கும், கண்ணில் பட்டால் எரிச்சல் தரும். வேலை முடிந்ததும் கையையும் அரிவாளையும் சோப்பிட்டுக் கழுவுக.

தேனி மாவட்டத்தில் அரளி அழகுக்கு மட்டும் அன்று, பிழைப்புக்கும் உரிய செடி. நீர் குறைந்த நிலத்தில் ஆறடிக்கு ஒரு செடியாக வைத்து, மலராத மொட்டுகளைப் பறித்துச் சந்தைக்கு அனுப்புகின்றனர். சின்னமனூரை அடுத்த சீலையம்பட்டிப் பூச்சந்தையை அறியாதவர் இங்கே யார்? மல்லிகையைப்போல் நாளுக்கு நாள் பெரிதும் கவனிக்க வேண்டாத இப்பயிர், ஒருமுறை நட்டால் பல ஆண்டுகள் பலன் தரும். தமிழகத்தின் நான்குவழிச் சாலைகளின் நடுவே வரிசையாகப் பூத்து நிற்பதும் இதுவே. எதிர்வரும் வண்டியின் விளக்கொளியை மறைக்கும், புகையைத் தாங்கும், ஆடுமாடுகள் வாய் வைக்கா.

வாய் வைக்கா என்றோமே, அதன் காரணத்தை இல்லத்தார் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் வேண்டும். வேர், பட்டை, இலை, பூ, பால் ஆகிய அனைத்திலும் நஞ்சுடைய செடி இது. 'ஒலியாண்ட்ரின்' முதலிய பொருள்கள் நேரே இதயத்தைத் தாக்குகின்றன. வாந்தி, வயிற்றுவலி, மயக்கம் தோன்றி, நாடித்துடிப்பு தளர்ந்து தாறுமாறாகும். 2024 ஏப்ரலில் கேரளத்தில் இளம்பெண் ஒருவர், தொலைபேசியில் பேசிக்கொண்டே வீட்டு முற்றத்து அரளியின் இலையையும் பூவையும் கிள்ளி வாயிலிட்டதாகவும், அதன் விளைவாக உயிரிழந்ததாகவும் செய்தி வந்தது. அடுத்த சில நாள்களில் பத்தனம்திட்டை மாவட்டத்தில் ஒரு பசுவும் கன்றும் வெட்டிப்போட்ட அரளித் தழையைத் தின்று மாண்டதாகச் செய்தி வெளியாயிற்று. அந்த ஆண்டு மே மாதமே திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு, தன் கோயில்களில் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூவைச் சேர்க்கலாகாது என்று முடிவு செய்தது. மலையைக் கடந்து கேரளம் செல்லும் நம் பூக்களில் அரளியும் உண்டு என்பதால், இதில் விவசாயிகளின் கவலையும் கலந்திருக்கிறது. எனினும் உண்ணும் பொருளோடு இப்பூ கலக்கலாகாது என்ற முடிவைக் குறைகூற இடமில்லை. மாலையாகத் தொடுப்பது வேறு, உண்பது வேறு.

மஞ்சள் அரளி என்பது வேறொரு செடி. வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தது. இலை மெலிந்து ஒற்றையாக நிற்கும். காய் பச்சையாய், முக்கோணமாய், விளையாட்டுப் பொருள்போல் இருக்கும். ஊரார் 'அரளிக்கொட்டை' என்று சொல்வது இதன் கொட்டையையே. அது கடும் நஞ்சு. சிறுவர்கள் கையில் எடுத்து விளையாடுவது இக்காய்தான் என்பதால் பள்ளி, பாலர் பள்ளி வளாகங்களில் மஞ்சள் அரளியை வைத்திருப்பது எவ்விதத்திலும் நியாயமன்று என்பது எம் கருத்து.

அறியாமலோ வேறு எக்காரணத்தாலோ ஒருவர் இச்செடியின் எப்பகுதியை உட்கொண்டாலும், புளிக்கரைசல், உப்புநீர் என்று வீட்டில் நேரத்தைக் கழிக்க வேண்டா. வாந்தி எடுக்கத் தூண்டவும் வேண்டா. 108-ஐ அழைத்து உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்க. தின்ற செடியின் ஒரு கிளையையும் எடுத்துச் செல்க. தொடக்கத்தில் நலமாய்த் தோன்றியவருக்கும் சில மணி நேரம் கழித்து இதயம் தடுமாறக்கூடும். ஆகவே மருத்துவர் வைத்துக் கவனிக்கச் சொல்லும்வரை பொறுமையாய் இருத்தல் வேண்டும். காலத்தில் வந்தவர்களுள் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்கின்றனர். மனம் உடைந்த ஒருவர் வீட்டில் இருந்தால், செடியைப் பற்றிய கவலைக்கு முன் அவரோடு அமர்ந்து பேசுவதும் மருத்துவ உதவி தேடுவதும் முதற்கடமை.

வெட்டிய தழையைத் தொழுவத்தருகே போடக்கூடாது. பச்சை இலையின் கசப்பால் விலகும் மாடு, காய்ந்த இலையை வைக்கோலோடு சேர்த்துத் தின்றுவிடும். காய்ந்தாலும் நஞ்சு குறைவதில்லை. அடுப்பில் எரித்தால் புகையும் தீங்கானது. கிணற்றுக்கு எட்டக் குழி தோண்டிப் புதைப்பதே முறை.

தவழும் குழந்தையும் நடைபயிலும் குழந்தையும் உள்ள வீட்டில், சில ஆண்டுகளுக்கு அரளிக்குப் பதில் இட்லிப்பூ எனப்படும் வெட்சியை வைக்கலாம். அதுவும் இலையுதிராதது, கொத்துக் கொத்தாகச் சிவந்து பூப்பது, நஞ்சற்றது. நீர் மட்டும் சற்று அதிகம் கேட்கும். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் அதன் இலை வெளுத்துப் போகும். மட்கிய எரு தாராளமாக இட்டால் தேறும்.

அரளிக்கு நோய் அதிகமில்லை. தளிர்நுனியில் மஞ்சள் நிற அசுவினி கூட்டமாக மொய்த்தால் நீரைப் பீய்ச்சியடித்தாலே பெரும்பகுதி உதிரும். எஞ்சியதற்குச் சோப்பு கலந்த வேப்ப எண்ணெய்க் கரைசல் போதும். இலையைக் கரும்புழு எதையேனும் கண்டு மருந்தடிக்க ஓடுமுன் சற்றே உற்றுநோக்குக. பச்சை உடலில் நீலக் கண்கள்போல் இரு புள்ளிகள் தாங்கிய பெரிய புழு, அரளிப் பருந்து விட்டில் என்னும் அழகிய அந்துப்பூச்சியின் புழு. கருஞ்சிவப்பு வரிகளும் நீண்ட கொம்புகளும் உள்ளதோ, காக்கை வண்ணத்துப்பூச்சியினுடையது. அரளியின் நஞ்சை உண்டும் அவை வாழ்கின்றன. நாலைந்து இலைகளை அவற்றுக்கு விட்டுக்கொடுத்தால், சில நாள் கழித்து இலையின் அடியில், வெள்ளியை உருக்கி வார்த்ததுபோல் மின்னிக்கொண்டு ஒரு கூட்டுப்புழு தொங்குவதைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம், தொட்டுப் பார்க்கவிடாமல்.