திரையில் நிஜக் காடு, பெங்களூரில் வேலையிழப்பு

புதுதில்லி: மத்தியப் பிரதேசத்தின் சிவனி மலைக்காடுகளைக் களமாகக் கொண்டு 1894-ல் கிப்ளிங் வெளியிட்ட கதைகளை, 'தி ஜங்கிள் புக்' என்ற பெயரில் 2016-ல் ஹாலிவுட் மீண்டும் படமாக்கியது. படத்தில் தெரியும் காட்டின் ஓர் இலைகூட சிவனியில் படமெடுக்கப்பட்டதல்ல. லாஸ் ஏஞ்சலிஸ் ஸ்டுடியோ ஒன்றில் சிறுவன் மோக்லி மட்டும் நடிக்க, காடும் கரடியும் புலியும் கணினியில் உருவாயின. அப்பணியின் பெரும்பகுதியைச் செய்தவர்கள், லண்டனிலும் பெங்களூரிலும் இருந்த எம்.பி.சி. நிறுவனக் கலைஞர்கள். 2017-ல் அப்படத்துக்குச் சிறந்த காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கர் விருது கிடைத்தது. எட்டு ஆண்டுகள் கழித்து, 2025 பிப்ரவரியில், எம்.பி.சி.யின் தாய் நிறுவனமான டெக்னிகலர் குழுமம் நிதி நெருக்கடியில் சரிந்தது. பெங்களூர், மும்பை ஆகிய நகரங்களில் சுமார் 3 ஆயிரம் பேர் வேலையிழந்தனர்.

கணினியில் ஒரு காட்சி முதலில் எண்களாகவே இருக்கும். புலியின் உடல், மரப்பட்டை, சூரியன் நிற்கும் இடம், கேமராவின் கோணம் என அனைத்தும் எண்களே. அவற்றிலிருந்து ஒளி செல்லும் பாதையைக் கணக்கிட்டு, நிழலும் பளபளப்பும் கொண்ட படமாக்கும் வேலைக்கு 'ரெண்டரிங்' என்று பெயர். இதற்கான அடிப்படைச் சமன்பாட்டை அமெரிக்காவின் ஜேம்ஸ் கஜியா 1986-ல் வெளியிட்டார். ஒரு புள்ளியிலிருந்து கண்ணுக்கு வரும் ஒளி என்பது, அப்புள்ளி தானாக உமிழும் ஒளியும், எல்லாத் திசைகளிலிருந்தும் அதன்மீது விழுந்து திரும்பும் ஒளியும் சேர்ந்த கூட்டுத்தொகை. எழுதுவதற்கு இது எளிது. ஆனால், விழும் ஒளியும் வேறொரு பொருளின் மீது பட்டு வந்ததே என்பதால் கணக்கு முடிவில்லாமல் நீளும். எனவே, தற்செயலாகத் தேர்ந்த திசைகளில் கோடிக்கணக்கான கதிர்களை அனுப்பிச் சராசரி காண்கின்றனர். கதிர்கள் குறைந்தால் படம் மணல் தூவியதுபோல் தெரியும். கூட்டினால் நேரம் எகிறும்.

மனிதத் தோல் இதைவிடச் சிக்கலானது. ஒளி தோலுக்குள் புகுந்து, சிதறி, வேறோர் இடத்தில் வெளிவருகிறது. இதை விரைவாகக் கணக்கிடும் வழியை ஹென்ரிக் வான் ஜென்சனும் அவருடைய சகாக்களும் 2001-ல் கண்டறிந்தனர். அதற்கு முந்தைய கணினி முகங்கள் பிளாஸ்டிக் பொம்மைகளைப் போலிருந்ததற்கு இக்குறையே முக்கியக் காரணம்.

ஒன்றே முக்கால் மணி நேரப் படத்தில், விநாடிக்கு 24 வீதம் 1,51,200 சட்டகங்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேரம் என்று குறைத்து மதிப்பிட்டாலும், ஒரே கணினி 17 ஆண்டுகளுக்கு மேல் ஓய்வின்றி இயங்க வேண்டும். அதனால்தான் பல்லாயிரம் கணினிகளை இணைத்து வேலை வாங்குகின்றனர். ஆனால் உருவங்களை வடிவமைப்பது, படமெடுத்த காட்சியிலிருந்து நடிகரைச் சட்டகம் சட்டகமாகப் பிரித்தெடுப்பது, கயிறுகளை அழிப்பது ஆகியவற்றுக்கு மனிதர்கள் தேவை. இந்தியாவுக்கு நெடுங்காலமாக வந்து சேர்ந்தது இத்தகைய வேலைதான். கூலி இங்கு குறைவு என்பதே காரணம்.

முன்னெச்சரிக்கை இல்லாமலும் இல்லை. புதுச்சேரியில் தொடங்கும் 'லைஃப் ஆஃப் பை' படத்தின் புலியை உருவாக்கிய ரிதம் அண்ட் ஹியூஸ் நிறுவனத்துக்கு மும்பையிலும் ஹைதராபாதிலும் கிளைகள் இருந்தன. 2013 பிப்ரவரியில் ஆஸ்கர் பெறுவதற்குச் சில நாள்கள் முன்பு அந்நிறுவனம் திவால் மனு தாக்கல் செய்தது. ஒப்பந்தத் தொகை முன்பே நிர்ணயிக்கப்படுவதும், படத் தயாரிப்பாளர்கள் கேட்கும் மாற்றங்களின் செலவு ஸ்டுடியோக்களின் தலையில் விழுவதும் இத்தொழிலின் பழைய நோய்.

தில்லியின் கவனம் வேறு பக்கம் இருக்கிறது. 2022 பட்ஜெட்டில் அனிமேஷன், காட்சி விளைவுத் துறைக்கெனப் பணிக்குழு அறிவிக்கப்பட்டது. மும்பையில் தேசிய சிறப்பு மையம் அமைக்க 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. இந்தியாவில் பணியாற்றும் வெளிநாட்டுப் படங்களுக்கான ஊக்கத்தொகை 2023-ல் செலவில் 40 சதவீதமாகவும், உச்சவரம்பு ரூ.30 கோடியாகவும் உயர்த்தப்பட்டது. பயிற்சிக்கும் முதலீட்டுக்கும் திட்டங்கள் உண்டு. பயிற்சி பெற்றவரின் வேலைப் பாதுகாப்பு குறித்து அந்த அறிவிப்புகளில் தேடித்தான் பார்க்க வேண்டும்.

மூடுவதற்கு முன் அரசின் அனுமதி பெற வேண்டும் என்ற விதி தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம் ஆகியவற்றுக்கே பொருந்தும். 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த தொழிலுறவு விதித்தொகுப்பும் இந்த வரையறையை மாற்றவில்லை. ஆயிரக்கணக்கானோர் வேலை பார்க்கும் ஸ்டுடியோவும் அதன் வரம்புக்குள் வராது. இதற்கு முன்னரே கர்நாடக அரசு, தகவல் தொழில்நுட்பத்துடன் அனிமேஷன், கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் நிறுவனங்களுக்கும் நிலையாணைச் சட்டத்திலிருந்து விலக்கு அளித்து, 2024-ல் அதை நீட்டித்தும் இருந்தது.

சம்பளப் பாக்கியிலும் சிக்கல் உண்டு. 2016-ம் ஆண்டு திவால் சட்டப்படி, நிறுவனம் கலைக்கப்பட்டால் 'தொழிலாளி'யின் 24 மாதப் பாக்கி, பிணை பெற்ற கடன்காரர்களுக்குச் சமமாக வைக்கப்படும். மற்ற ஊழியர்களுக்கு 12 மாதப் பாக்கி மட்டுமே, அதுவும் அடுத்த வரிசையில். கணினி முன் அமர்ந்து புலிக்கு ரோமம் வரைபவர் இவ்விரண்டில் யார் என்பது, வழக்கு வரும்போதுதான் தனித்தனியே முடிவாகும்.