கிளட்ச் வழுக்கினால் முதலில் லீவரைப் பாருங்கள்

டிரயல்ஸ் என்னும் மோட்டார் சைக்கிள் போட்டி வேகப் போட்டி அல்ல. பாறை, ஓடை, சேறு எல்லாவற்றையும் கால் ஊன்றாமல் கடக்க வேண்டும். ஒரு முறை ஊன்றினால் 1 தண்டப்புள்ளி. ஒரு போட்டிப் பகுதியை முடிக்காமல் தோற்றால் 5. ஓட்டுபவர் ஒற்றை விரலால் கிளட்சை அரைப்பிடியில் வைத்தபடியேதான் வண்டியை நகர்த்துவார். அந்த வழுக்கல் அவரே செய்வது. லீவரை முழுக்க விட்ட பிறகும் வழுக்கினால்தான் கோளாறு.

சோதனையைப் பாறைமேல் செய்யாதீர்கள். பின் டயரில் 4 பிஎஸ்ஐ அளவுக்கே காற்று வைத்து ஓட்டும் வண்டி இது. ஈரக் கல்லில் சக்கரம் சுழன்றாலும் இன்ஜின் இரையும், பழி கிளட்ச் மேல் விழும். காய்ந்த தார்ச்சாலை ஏற்றம்தான் இதற்கு ஏற்றது. மேல் கியரில் மெதுவாக ஏறிக்கொண்டே, லீவரில் விரல் படாமல், ஆக்சிலேட்டரைச் சட்டென முறுக்குங்கள். இரைச்சல் மட்டும் கூடி வேகம் கூடாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. முதல் கியரில் இது தெரியாமலே போகலாம். மேல் கியரில்தான் கிளட்சுக்கு வரும் பளு அதிகம். ஸ்காட்லாந்தில் ஃபோர்ட் வில்லியமை மையமாக வைத்து நடக்கும் ஆறு நாள் டிரயலில் போட்டிப் பகுதிகளுக்கு இடையே நீண்ட சாலையும் உண்டு. பாறையில் குறை தெரியாத கிளட்ச் அங்கே மாட்டிக்கொள்ளும்.

அடுத்த கேள்வி: எப்போது வழுக்குகிறது? வண்டி குளிர்ந்திருக்கும்போது நன்றாகப் பிடித்து, சூடேறியதும் வழுக்கினால், கிளட்ச் கவரைக் கழற்ற அவசரப்படாதீர்கள். இன்றைய டிரயல்ஸ் வண்டிகளில் கிளட்சை இயக்குவது ஹைட்ராலிக் திரவம். லீவரை விட்டதும் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் முழுதாகப் பின்வாங்கினால்தான் திரவம் தொட்டிக்குத் திரும்பும் சிறு துளை திறக்கும். லீவர் ஸ்குரூவை ஃப்ரீ பிளே (சிறு தளர்வு) இல்லாமல் இறுக்கியிருந்தால் அந்தத் துளை மூடியே கிடக்கும். சூட்டில் விரியும் திரவத்துக்குப் போக்கிடம் இல்லை. யாரும் தொடாமலே அது கிளட்சை லேசாக அழுத்திப் பிடித்திருக்கும். வழுக்கும் அந்த நேரத்திலேயே வண்டியை நிறுத்தி, துணி சுற்றி, ப்ளீடர் நிப்பிளை நொடிப்பொழுது தளர்த்தி மூடுங்கள். திரவம் பீச்சியடித்து, பிறகு கிளட்ச் நன்றாகப் பிடித்தால், கோளாறு லீவர் பக்கம். ஸ்குரூவைச் சற்றுத் தளர்த்திக் காற்றை வெளியேற்றினாலே சரியாகிவிடலாம். அப்படியும் திரும்ப வந்தால், அடைபட்ட துளையோ ஊதிப்போன சீலோ காரணமாக இருக்கும். சில வண்டிகளுக்கு டாட் 4, சிலவற்றுக்கு மினரல் ஆயில். மாற்றி ஊற்றினால் சீல் ஊதிவிடும். மூடியில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு ஊற்றுங்கள்.

லீவர் பக்கம் பழுதில்லை என்றால் கியர் ஆயிலைப் பாருங்கள். உராய்வைக் குறைக்கும் சேர்மானமுள்ள கார் இன்ஜின் ஆயில், எண்ணெயில் மூழ்கி இயங்கும் கிளட்சுக்கு ஆகாது. தயாரிப்பாளர் சொன்ன ஆயிலையே ஊற்றுங்கள். ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது: ஓடையில் மூழ்கியிருக்கலாம், அல்லது வாட்டர் பம்ப் சீல் போயிருக்கலாம். காரணத்தைச் சரிசெய்யாமல் ஆயிலை மட்டும் மாற்றிப் பயனில்லை.

இத்தனைக்கும் பிறகுதான் கிளட்ச் பிளேட். கிளட்ச் வலப்பக்கம் உள்ள வண்டியை இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்தால், ஆயிலை வடிக்காமலே கவரைக் கழற்றலாம். ஸ்டீல் பிளேட்டுகளைக் கண்ணாடிமேல் வைத்து வளைவு பாருங்கள். நீலம் பாய்ந்திருந்தால் கடுமையாகச் சூடேறியவை. உராய்வு பிளேட்டின் தடிமனை வெர்னியரால் அளந்து, அந்த மாடலின் கையேட்டோடு ஒப்பிடுங்கள். பிளேட் அளவு சரியாக இருந்தும் வழுக்கினால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். சுருள் ஸ்பிரிங் என்றால் நீளத்தை அளக்கலாம். புதிய உராய்வு பிளேட்டுகளை அதே கியர் ஆயிலில் ஓர் இரவு ஊறவைத்த பிறகு மாட்டுங்கள்.