பாய்ப்படகுக்கு ஏற்ற சிறுதோணி

நெடும்பயணம் செல்லும் பாய்ப்படகு நங்கூரமிட்டபின், மனிதரையும் பண்டங்களையும் கரைசேர்ப்பது அதனுடன் செல்லும் சிறுதோணியே. அதன் அளவைத் தளத்திலுள்ள இடத்தைக்கொண்டு மட்டும் தீர்மானித்தல் போதாது. சுமக்கவேண்டிய பாரத்தையும் எண்ணுதல் வேண்டும்.

நேயர்களே, 1895 முதல் 1898 வரை உலகைத் தனியே படகிற் சுற்றிவந்த முதல்வர் ஜோஷுவா ஸ்லோக்கம். ‘ஸ்பிரே’ என்னும் தம் படகில் முழுத்தோணிக்கு இடமின்மையால், பழைய தோணியொன்றைக் குறுக்கே அறுத்து, வெட்டுவாயைப் பலகையால் அடைத்துக்கொண்டார். அந்தப் பாதித்தோணியை ஒருவராகவே தூக்கியிறக்கலாம். ஆடை தோய்க்கும் தொட்டியாகவும் அது உதவிற்று!

ஆனால், 1895 டிசெம்பரில் உருகுவே கரையில் ஸ்பிரே தரைதட்டியது. அதனை மீட்க நங்கூரத்தையும் நெடுங்கயிற்றையும் ஏற்றி அலைகளூடே சென்றபோது, தோணி நீர் நிறைந்து கவிழ்ந்தது. அவருக்கோ நீந்தத் தெரியாது. நான்காம் முயற்சியிலேயே அதனை நிமிர்த்தி ஏறி, ஒற்றைத் துடுப்பால் வலித்துக் கரைசேர்ந்தார்.