'புதியவர்' என்றொரு குடும்பப் பெயர்

வந்து இறங்கிய நாட்டில் எமக்கு முதலில் நீட்டப்படும் பத்திரத்தில் இரண்டு கட்டங்கள் இருக்கும். ஒன்று முதற்பெயர், மற்றது குடும்பப் பெயர். முதற்பெயரைத் தயக்கமின்றி எழுதிவிடுகிறோம். இரண்டாவது கட்டத்தில் பேனா நின்றுவிடுகிறது. ஊரில் எம்மில் பெரும்பாலானோருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இருக்கவில்லை. தகப்பனாரின் பெயரின் முதலெழுத்து முன்னே நிற்கும், அவ்வளவுதான். வேறு வழியின்றித் தகப்பனாரின் பெயரை முழுதாக எழுதுகிறோம். அன்றிலிருந்து அலுவலகங்களில் அவருடைய பெயராலேயே எம்மை அழைக்கிறார்கள். பெயர் நீளமாக இருந்துவிட்டால், "இதைச் சற்றுச் சுருக்க முடியாதா?" என்ற கேள்வியும் வருகிறது.

இந்தச் சங்கடம் எமக்கு மட்டும் உரியதன்று. போராலும் வறுமையாலும் நாடு விட்டு நாடு போன போலந்து மக்கள், எமக்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே இதே கட்டத்தின் முன்னால் நின்றவர்கள். அவர்களின் குடும்பப் பெயர்களுக்கு நேர்ந்ததை அறிந்துகொள்வது எமக்கும் பயன் தரும்.

போலந்துப் பெயரை வெளியார் எழுதப் படும் பாட்டை அவர்களே கேலி செய்து சிரிப்பார்கள். 1970இல் வெளிவந்த போலந்து நகைச்சுவைத் திரைப்படம் ஒன்றில், ஜேர்மன் படையிடம் அகப்பட்ட கதாநாயகன் தன் பெயர் 'கிஷெகோஷ் ப்ஷென்சிஷ்சிக்கியெவிச்' என்று ஒரு பொய்ப் பெயரைச் சொல்கிறான். தட்டச்சுப் பொறியின் முன் இருந்தவர் திண்டாடிப் போகிறார். போலந்தில் இந்தக் காட்சியை அறியாதவர்கள் குறைவு.

பெயர் எப்படிப் பிறந்தது?

தொடக்கத்தில் போலந்திலும் ஒருவருக்கு ஒரு பெயர்தான் இருந்தது. ஊரில் நான்கு பேருக்கு ஒரே பெயர் இருந்தால் பிரித்து அறிய அடையாளம் ஒன்று வேண்டும். அந்த அடையாளமே நாளடைவில் குடும்பப் பெயராயிற்று. சுமார் 15ஆம் நூற்றாண்டு முதல் பிரபுக்கள் தங்கள் ஊரின் பெயரோடு 'ஸ்கி' என்ற விகுதியைச் சேர்த்துக்கொண்டார்கள். லெஷ்னோ என்ற ஊரை உடையவர் லெஷ்சின்ஸ்கி ஆனார். 'இன்ன ஊரைச் சேர்ந்தவர்' என்பதே அதன் பொருள். பின்னர் நகர மக்களும் குடியானவர்களும் அதே விகுதியை எடுத்துக்கொண்டார்கள். எனவே 'ஸ்கி' என்று முடிபவர் எல்லோரும் பிரபு வம்சம் என்று எண்ணுவது சரியன்று.

வேறு சிலருக்குத் தகப்பன் பெயரே அடையாளமாயிற்று. 'விச்' என்ற விகுதி 'இன்னாரின் மகன்' என்பதைக் குறிக்கும். ஆடமொவிச் என்றால் ஆடமின் வழிவந்தவர். நாம் தகப்பனார் பெயரை எழுதுகிறோமே, அதே வழிதான். வேற்றுமை என்னவென்றால், அவர்களுக்கு அந்தப் பெயர் ஒரு தலைமுறையில் நிலைத்து நின்றுவிட்டது. எமக்குத் தலைமுறைக்குத் தலைமுறை மாறிக்கொண்டே வந்தது.

தொழிலும் பெயர் தந்தது. கொல்லரைப் போலிஷ் மொழியில் 'கோவால்' என்பார்கள். கோவால்ஸ்கி, கோவால்ச்சிக் ஆகிய பெயர்கள் அதிலிருந்து வந்தவை.

ஏன் ஒன்று பரவலாகவும் ஒன்று அரிதாகவும் இருக்கிறது?

போலந்தில் மிக அதிகமானோருக்கு உள்ள குடும்பப் பெயர் நோவாக். சுமார் 2 இலட்சம் பேர் இந்தப் பெயரோடு வாழ்கிறார்கள். அதன் பொருள் 'புதியவர்', அதாவது ஊருக்குப் புதிதாக வந்தவர். செக் நாட்டிலும் ஸ்லொவேனியாவிலுங்கூட முதலிடத்தில் இருப்பது இதே பெயர்தான்.

இதைக் கேட்கும்போது எமக்கு வியப்பாக இருக்கலாம். காரணம் மிக எளியது. ஒவ்வொரு கிராமத்துக்கும் யாரோ ஒருவர் எங்கிருந்தோ புதிதாக வந்து குடியேறினார். ஊரவர் அவரைப் 'புதியவர்' என்று அழைத்தார்கள். அவருடைய பிள்ளைகள் அந்த மண்ணிலேயே பிறந்தார்கள், பேரப்பிள்ளைகளும் பிறந்தார்கள், பெயர் மட்டும் 'புதியவர்' என்றே நின்றுவிட்டது. ஆயிரம் ஊர்களில் ஆயிரம் தடவை தனித்தனியாகப் பிறந்த பெயர் அது. ஆகவே இரண்டு நோவாக்குகள் சந்தித்தால் அவர்கள் உறவினர்களாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கோவால்ஸ்கியும் அப்படியே. கொல்லர் இல்லாத ஊர் ஏது? அந்தப் பெயரோடு ஒன்றேகால் இலட்சத்துக்கு மேற்பட்டோர் இருக்கிறார்கள்.

அரிய பெயரின் கதை வேறு. அது பெரும்பாலும் ஒரே ஒரு தடவை, ஓர் ஊரில், ஒரு மனிதருக்கு இடப்பட்ட பட்டப்பெயராகவோ, ஒரு சிறு கிராமத்தின் பெயராகவோ, வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவரின் பெயராகவோ இருக்கும். இசைமேதை ஷொப்பின் பிறந்தது போலந்தில், 1810இல். ஆனால் அவருடைய குடும்பப் பெயர் பிரெஞ்சுப் பெயர். தகப்பனார் 1787இல் பிரான்சின் லொரேன் பகுதியிலிருந்து வந்து குடியேறியவர்.

அரிய பெயரை உடைய இருவர் சந்தித்தால் அவர்கள் ஒரே வேரிலிருந்து வந்தவர்களாக இருக்க வாய்ப்பு அதிகம். இதனை ஆராய உதவியவர் கசிமியெஷ் ரிமுட் என்ற மொழியறிஞர். 1990ஆம் ஆண்டு அரச பதிவேட்டை அடிப்படையாக வைத்து, போலந்தில் வழங்கும் குடும்பப் பெயர்கள் அனைத்தையும் தொகுத்து, 1992 முதல் 1994 வரை 10 தொகுதிகளாகக் கிராக்கோவ் நகரில் வெளியிட்டார். ஒவ்வொரு பெயரும் அன்றிருந்த 49 மாகாணங்களில் எங்கெங்கே எத்தனை பேருக்கு இருக்கிறது என்ற கணக்கு அதில் உண்டு. அமெரிக்காவில் பிறந்து, பாட்டனாரின் ஊர் எதுவென்று தெரியாத ஒருவர்கூட, தன் பெயர் அரியதாக இருந்தால், அது எந்த மாகாணத்தில் திரண்டு நிற்கிறது என்று பார்த்துத் தேடலைத் தொடங்கலாம். நோவாக் என்ற பெயருள்ளவருக்கு அந்த வாய்ப்புக் குறைவு; அது நாடெங்கும் இருக்கிறது. ஆகவே அரிய பெயர் ஊரைக் காட்டும் கைகாட்டி மரம் போன்றது.

எழுத்து மாறினால் வழி மாறும்

ஆனால் அந்தக் கைகாட்டி சரியாக நிற்க வேண்டுமானால் எழுத்துகள் கலையாமல் இருக்க வேண்டும். போலந்தின் வரலாறு அதற்கு இடம் தரவில்லை. 1772, 1793, 1795 ஆகிய ஆண்டுகளில் ரஷ்யாவும் பிரஷ்யாவும் ஒஸ்திரியாவும் அந்நாட்டைப் பங்குபோட்டுக்கொண்டன. 1918 வரை போலந்து என்றொரு நாடு உலகப் படத்தில் இருக்கவில்லை. ரஷ்யாவின் பங்கில் 1868 முதல் பிறப்பு, இறப்புப் பதிவுகளை ரஷ்ய மொழியில் எழுத வேண்டியிருந்தது. ரஷ்ய எழுத்தில் 'ஹ' ஒலிக்குத் தனி எழுத்து இல்லை. அது 'க' ஆயிற்று. ஒஸ்திரியாவின் பங்கில் தேவாலயப் பதிவுகள் இலத்தீனில் இருந்தன. ஒரே குடும்பத்தின் பெயர் மூன்று தலைமுறையில் மூன்று விதமாக எழுதப்பட்டது.

வெளிநாடு போனதும் இன்னொரு சிக்கல். போலிஷ் மொழியில் 'எல்' எழுத்தின் குறுக்கே ஒரு சிறு கோடு போட்டால் அதன் ஒலி 'வ' போலாகிவிடும். ஆங்கிலத் தட்டச்சுப் பொறியில் அந்தக் கோடு இல்லை. 1995 ஜனவரியில் கொழும்புக்கு வந்து யோசப் வாஸ் அடிகளாருக்கு முத்திப்பேறு பட்டம் வழங்கிய பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பரை நாம் அறிவோம். அவருடைய குடும்பப் பெயர் வொய்த்திவா. 'வொய்ச்சியெக்' என்ற பழைய ஆட்பெயரிலிருந்து வந்தது. அந்தக் கோட்டை விட்டுவிட்டு உலகமெங்கும் 'வொய்ட்டிலா' என்றே வாசித்தார்கள்.

பெண்களின் பெயரில் மற்றொரு நுணுக்கம் உண்டு. தகப்பன் கோவால்ஸ்கி என்றால் தாயும் மகளும் கோவால்ஸ்கா. போலந்தில் இது இயல்பு. வேறு நாட்டு அலுவலகத்திலோ, "ஒரே குடும்பம் என்கிறீர்கள், பெயர் வேறாக இருக்கிறதே?" என்று கேட்பார்கள். கணவனுக்கு ஒரு கடைசிப் பெயர், பிள்ளைக்கு வேறொரு கடைசிப் பெயர் என்று வரிசையில் நின்று விளக்கம் சொல்லிக் களைத்த எமக்கு இந்தக் கேள்வி புதிதன்று.

அழிந்துபோன பெயர்களும் உண்டு. ஒஸ்திரியப் பேரரசர் இரண்டாம் யோசப் 1787இல் விடுத்த ஆணையால் அங்குள்ள யூதர்கள் ஜேர்மன் மொழிக் குடும்பப் பெயர் எடுக்க வேண்டியதாயிற்று. அந்தப் பெயர்களோடு பல தலைமுறைகள் வாழ்ந்தன. இரண்டாம் உலகப் போரில் போலந்தின் யூதர்களில் சுமார் 30 இலட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். பத்தில் ஒன்பது பேர் மாண்ட நிலையில், முழுக் குடும்பத்தோடு மறைந்த பெயர்கள் பல. ஒரு பெயர் அரிதாக இருப்பதற்கு இப்படியும் ஒரு காரணம் உண்டு என்பதை மறந்துவிடலாகாது.

சுருக்கியவரும் சுருக்காதவரும்

நியூயோர்க் துறைமுகத்தின் எல்லிஸ் தீவில் இருந்த குடிவரவு அதிகாரிகளே வந்தவர்களின் பெயர்களை வெட்டிச் சுருக்கினார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. அது உண்மையன்று. அந்த அதிகாரிகள் கப்பலில் வந்த பட்டியலைப் பார்த்துச் சரிபிடித்தார்களே தவிர, புதுப்பெயர் இடவில்லை. வந்தவர்கள் பின்னர் தாங்களாகவே, வேலைத்தலத்துக்காகவும் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்காகவும் மாற்றிக்கொண்டார்கள்.

மர்ச்சிஷெவ்ஸ்கி என்ற போலந்துத் தையற்காரர் ஒருவர் அமெரிக்காவில் குடியேறித் தன் பெயரை மஸ்கி என்று சுருக்கினார். அவருடைய மகன் எட்மண்ட் மஸ்கி 1980இல் அமெரிக்க வெளிநாட்டமைச்சரானார். அதே வேளையில், அதே ஜனாதிபதி கார்ட்டரின் தேசிய பாதுகாப்பு ஆலோசகராக இருந்தவர் வோர்சோவில் பிறந்த பிரெசின்ஸ்கி. அவர் தன் பெயரை ஓர் எழுத்தும் குறைக்கவில்லை. மாற்றியவரின் மகனும் உயர்ந்தார், மாற்றாதவரும் உயர்ந்தார். பெயரைச் சுருக்கினால்தான் முன்னேறலாம் என்பதற்கு இங்கே ஆதாரம் இல்லை.

உயிரைக் காக்கப் பெயரை மறைத்தவர்களும் உண்டு. போர்க்காலத்தில் வோர்சோவுக்கும் இலண்டனுக்கும் இடையே இரகசியத் தூது போன யெஜொரான்ஸ்கி என்பவர், தன் புனைபெயராக 'யான் நோவாக்' என்பதைத் தெரிந்துகொண்டார். இலட்சக்கணக்கானோருக்கு உள்ள பெயருக்குள் ஒளிந்துகொள்வது எளிதல்லவா? போர் முடிந்த பின்னும் அவர் இரண்டு பெயர்களையும் சேர்த்து நோவாக்-யெஜொரான்ஸ்கி என்றே வாழ்ந்தார். பல ஆண்டுகள் வெளிநாட்டில் கழித்து, 2002இல் தாயகம் திரும்பி, 2005இல் காலமானார். ஒரு பெயர் அவர் பிறந்த குடும்பத்தைச் சொல்லிற்று. மற்றது அவர் கடந்து வந்த காலத்தைச் சொல்லிற்று.

எமக்கு இதில் என்ன?

எமது பெயர்கள் இப்போதுதான் குடும்பப் பெயர்களாக உறைந்துகொண்டிருக்கின்றன. இன்று பத்திரத்தில் நாம் எழுதும் தகப்பனாரின் பெயரையே எமது பேரப்பிள்ளைகளும் அவர்களின் பிள்ளைகளும் சுமக்கப் போகிறார்கள். அண்ணன் ஒரு நாட்டில், தம்பி ஒரு நாட்டில். அண்ணனின் பத்திரத்தில் ஓர் 'எச்' எழுத்துக் கூடியிருக்கிறது; தம்பியினதில் அது இல்லை. இன்று இது சிறு விடயம். இருவரும் தொலைபேசியில் பேசிக்கொள்கிறார்கள். ஐம்பது ஆண்டுகளின் பின் இருவரின் பேரப்பிள்ளைகளும் ஒருவரையொருவர் தேடும்போது, அந்த ஓர் எழுத்தே இரண்டு குடும்பங்களாக அவர்களைப் பிரித்துக் காட்டிவிடும்.

எனவே நாம் செய்யக்கூடியவை சில உண்டு. பெயரை எல்லாப் பத்திரங்களிலும் ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதுவோம். சகோதரர்கள் வெவ்வேறு நாடுகளில் இருந்தால் இதைப் பற்றிப் பேசி ஒத்துக்கொள்வோம். பிழையாகப் பதிந்துவிட்டால் காலம் தாழ்த்தாது திருத்தக் கேட்போம். பழைய பிறப்புச் சான்றிதழ் கிழிந்திருந்தாலும் எறியாமல் வைத்திருப்போம். கொப்பி ஒன்றில் பாட்டன், பாட்டி பெயர்களையும் ஊரையும் குறிச்சியையும் தமிழிலும் இந்நாட்டு மொழியிலும் எழுதி வைப்போம். பிள்ளையிடம், "உன் கடைசிப் பெயர் அப்பப்பாவின் பெயர்" என்று ஒரு நாளாவது சொல்லி வைப்போம்.

இன்று இந்த நாட்டில் நாமே நோவாக்குகள்; ஊருக்குப் புதிதாக வந்தவர்கள். போலந்தில் அந்தப் பெயரைக் கேட்டு இன்று யாரும் "நீ எங்கிருந்து வந்தாய்?" என்று கேட்பதில்லை. மிகவும் உள்ளூர்ப் பெயர் எதுவென்றால் அதையே சொல்வார்கள்.