மழைக்காலத் தங்கல்

மழைக்காலத்தில் பயணத்தை நிறுத்தி, ஓரிடத்தில் தங்கித் தன்னைத் திருத்திக்கொள்வது இந்தியத் துறவிகளின் தொன்மையான வழக்கம். சமண முனிவர்களும் இந்து சந்நியாசிகளும் இதைச் சாதுர்மாஸ்யம் என்கிறார்கள். பௌத்த பிக்குகளுக்கு இது மூன்று மாத விரதம். பெரும்பாலும் ஜூலைப் பௌர்ணமிக்கு மறுநாள் தொடங்கி அக்டோபர் பௌர்ணமியில் முடியும்.

பௌத்தத்தில் இந்த விதி பிறந்த கதை, துறவு விதிகளைச் சொல்லும் விநய பிடகத்தின் மகாவக்கத்தில் உள்ளது. மழையிலும் பிக்குகள் ஊர் ஊராக நடந்ததால் பசும்புல் மிதிபட்டது, சிற்றுயிர்கள் மடிந்தன. பறவைகள்கூட மழைக்குக் கூடு கட்டித் தங்குகின்றனவே என்று மக்கள் குறைபட்டார்கள். ராஜகிருகத்தின் வேணுவனத்தில் இருந்த புத்தர், பிக்குகளும் ஓரிடத்தில் தங்க வேண்டும் என்று விதித்தார். மரப்பொந்து, குடை நிழல், பெரிய சாடி ஆகியவை தங்குமிடமாகா. நோயுற்ற பெற்றோரைப் பார்க்கப் போகலாம். ஏழு நாளுக்குள் திரும்பிவிட வேண்டும்.

பலர் சேர்ந்து தங்கினால் மனத்தாங்கல் வரும். அதற்கு அஞ்சி, கோசல நாட்டுப் பிக்குகள் சிலர் மூன்று மாதமும் பேசுவதில்லை என்று முடிவெடுத்தார்கள். பிச்சையெடுத்து முதலில் திரும்பியவர் இருக்கை போட்டு, கால் கழுவத் தண்ணீர் வைத்தார். கடைசியில் வந்தவர் இடத்தைப் பெருக்கினார். தண்ணீர்க் குடத்தைத் தனியே தூக்க முடியாதபோது கையசைத்துத் துணைக்கு அழைத்தார்கள். சச்சரவே எழவில்லை. ஆனால் இதைக் கேட்ட புத்தர், ஆடுமாடுகள் கூடிக் கிடப்பதற்கும் இதற்கும் வேறுபாடில்லை என்று கண்டித்தார்.

அதன் பிறகு வந்ததே பவாரணை. தங்கலின் கடைசி நாளில் ஒவ்வொரு பிக்குவும், மூத்தவர் முதலாக, கைகூப்பி அமர்ந்து மும்முறை வேண்டுகிறார்: என்னிடம் குறை எதையேனும் கண்டிருந்தாலோ, கேட்டிருந்தாலோ, ஐயுற்றிருந்தாலோ இரக்கத்தோடு எடுத்துச் சொல்லுங்கள். தன் கண்ணுக்குத் தெரியாத குறை உடன் வாழ்பவருக்குத் தெரியும். வாயை மூடிச் சண்டையைத் தவிர்ப்பதைவிட, குறையைக் கேட்டுத் திருந்துவதில் வரும் அமைதியே நிலைக்கும்.

சமணர்களும் இந்தக் காலத்தில்தான் பர்யூஷண நோன்பு இருக்கிறார்கள். சுவேதாம்பரருக்கு அது எட்டு நாள். நிறைவு நாளில் அறிந்தும் அறியாமலும் செய்த பிழைகளுக்கு ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்பார்கள்.

பௌத்த இல்லறத்தாருக்கும் மழைக்காலத் தங்கலில் பங்குண்டு. தாய்லாந்தில் இளைஞர்கள் பலர் இந்த மூன்று மாதம் மட்டும் பிக்குவாகிறார்கள். மற்றவர்களில் பலர் மதுவைக் கைவிடுகிறார்கள். இலங்கையில் தங்கலை நிறைவுசெய்த பிக்குகளுக்கு ஊர் மக்கள் கூடிக் கடின சீவரம் எனும் துவராடையை அளிக்கிறார்கள்.